76-க்கு 24: ஈஸ்ட் பெங்கால் ரசிகர்கள் தெருவுக்கு வந்த கதையும் உங்க புக்கிங் ஃபார்மும்

போன வீடியோவுக்குக் கீழே திருநின்றவூர்ல இருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார்: "அண்ணா, ஃபிளாட்டுக்கு டோக்கன் அட்வான்ஸ் கேக்குறாங்க. இது வெறும் புக்கிங் ஃபார்ம்தான், அக்ரிமென்ட் பின்னாடி வரும்னு சொல்றாங்க. கையெழுத்து போட்டுடலாமா?"

ஒரு வரியில் பதில் சொல்லணும்னா, பின்னாடி வரப்போற அந்த அக்ரிமென்ட்டோட நகலை முன்னாடியே கையில் வாங்கிப் படிக்காம போடாதீங்க. ஏன்னு கேட்டா, அதுக்கு ஒரு ஃபுட்பால் கதை சொல்லணும். ஃபுட்பால் பிடிக்காதவங்களும் படிங்க. இதுல கோல் கணக்கு குறைச்சல், சதவீதக் கணக்குதான் அதிகம்.

2021-ல் நான் கும்மிடிப்பூண்டி சிப்காட்ல ஒரு கம்பெனியில் வேலை பார்த்தேன். வீடு வேப்பம்பட்டு, வாடகை. விடியறதுக்கு முன்னாடி கம்பெனி பஸ் பிடிக்கணும். எங்க லைன்ல மேற்கு வங்கத்துக்காரர் ஒருத்தர் இருந்தார், என்னைவிட நாலைஞ்சு வயசு சின்னவர். ஜூலை மாசம் ஒரு நாள் கேன்டீன்ல சாப்பாட்டைத் தொடாம போனையே பார்த்துக்கிட்டிருந்தார். எட்டிப் பார்த்தா, கொல்கத்தாவில் ஒரு கிளப் வாசல்ல கூட்டம். சிவப்பு-மஞ்சள் சட்டை போட்டவங்களை போலீஸ் லத்தியால் அடிச்சு விரட்டிக்கிட்டிருக்கு.

"எந்த டீம் ரசிகர்களோட சண்டை?"ன்னு கேட்டேன்.

"எங்களுக்குள்ளயே அண்ணா. எங்க கிளப்போடயே"ன்னார்.

அவர் தாத்தா குடும்பம் பிரிவினையில் அந்தப் பக்கத்துல இருந்து வந்தது. அந்த மாதிரி குடும்பங்களுக்கு ஈஸ்ட் பெங்கால் வெறும் டீம் இல்லை. விட்டுட்டு வந்த ஊரோட பேர் அது. டீம் ஜெயிச்சா வீட்டில் ஹில்சா மீன் வாங்குவாங்களாம். அப்படிப்பட்ட கிளப் முன்னாடி அவங்க ஆட்களே ரெண்டு கோஷ்டியா நின்னு அடிச்சுக்கிட்டாங்க. காரணம், ஒரு ஒப்பந்தத்துல போடாத கையெழுத்து.

அவசரத்தில் போட்ட முதல் கையெழுத்து

ஈஸ்ட் பெங்கால் 1920 ஆகஸ்ட் 1-ல் தொடங்கின கிளப். எதிரி மோகன் பாகன், 1889-ல் தொடங்கினது. நூறு வருஷப் போட்டி. 2014-ல் ஐஎஸ்எல் வந்ததும் ஆட்டம் மாறிடுச்சு. வருஷத்துக்குப் பல கோடி செலவாகிற லீக் அது. உறுப்பினர் சந்தாவை வச்சு அதில் விளையாட முடியாது. முதலீட்டாளர் வேணும்.

2018-ல் பெங்களூருவின் க்வெஸ் கார்ப் வந்தது. புதுசா ஒரு கம்பெனி தொடங்கி, க்வெஸ்ஸுக்கு 70 சதவீதம், கிளப்புக்கு 30. ரெண்டு வருஷம்தான் நிலைச்சது. 2020 கொரோனா நேரத்தில் 'ஃபோர்ஸ் மஜூர்' ஷரத்தைக் காட்டி வீரர்களோட ஒப்பந்தங்கள் முடிக்கப்பட்டன. க்வெஸ் விலகிடுச்சு.

இப்போ கிளப்போட நிலைமையை யோசிச்சுப் பாருங்க. நூற்றாண்டு வருஷம். கையில் முதலீட்டாளர் இல்லை. அதே 2020 ஜனவரியில்தான் மோகன் பாகன், ஐஎஸ்எல் அணியான ஏடிகே-வோட இணையறதா அறிவிச்சு லீகுக்குள்ள போயாச்சு. பரம எதிரி உள்ளே, நாம வெளியே. நவம்பர்ல சீசன் தொடங்கப் போகுது. ரசிகர்கள் கத்தறாங்க.

செப்டம்பர் 2-ம் தேதி முதல்வர் மம்தா பானர்ஜி தலைமைச் செயலகத்துல வச்சு அறிவிச்சார்: ஸ்ரீ சிமென்ட் முதலீட்டாளரா வருது. பட்டாசு, இனிப்பு எல்லாம் நடந்தது. கையெழுத்தானது ஒரு டெர்ம் ஷீட். அதாவது, "இந்த இந்த அடிப்படையில் கைகோக்கிறோம், விரிவான ஒப்பந்தம் பிறகு" என்கிற சுருக்கமான ஆவணம். பங்கு 76-க்கு 24. நவம்பர் 27-ம் தேதி ஐஎஸ்எல்லோட முதல் கொல்கத்தா டெர்பி நடந்தது. டீம் களத்துக்கு வந்துடுச்சு, விரிவான ஒப்பந்தம் வரலை.

அது வந்தப்போதான் சிக்கல். டெர்ம் ஷீட்ல இருந்ததுக்கும் இறுதி ஒப்பந்தத்துல இருக்கிறதுக்கும் வித்தியாசம் இருக்கு, இதில் கையெழுத்து போட்டா கிளப்பும் உறுப்பினர்களும் உரிமையை இழந்துடுவாங்கன்னு நிர்வாகிகள் சொன்னாங்க. ஒத்துக்கிட்டதைத்தான் எழுதியிருக்கோம், கையெழுத்து போடலைன்னா மேற்கொண்டு பணம் போட முடியாதுன்னு முதலீட்டாளர் பக்கம். இப்படியே 2021 ஜூலை வந்தது. அடுத்த சீசனுக்கு ஆள் எடுக்க முடியலை. போதாக்குறைக்கு, பழைய வீரரோட சம்பள பாக்கிக்காக ஃபிஃபா விதிச்ச டிரான்ஸ்ஃபர் தடை வேற. பணம் போட்டவர் போயிட்டாலும் பாக்கி கிளப் பேர்லதான் நிக்கும். நண்பனுக்கு ஜாமீன் கையெழுத்து போட்டவங்களுக்கு இது புரியும்.

ஜூலை 21-ம் தேதி ரசிகர்கள் மைதான் பகுதியில் இருக்கிற கிளப் வாசலுக்கு வந்தாங்க. ஒரு கோஷ்டி, "கையெழுத்து போடு, இல்லைன்னா பதவியை விட்டுப் போ"ன்னு நிர்வாகிகளைக் கேட்டுச்சு. இன்னொரு கோஷ்டி நிர்வாகிகள் பக்கம் நின்னுச்சு. கைகலப்பு, லத்தி, ரத்தக் காயம், கைது. நான் கேன்டீன்ல பார்த்தது அதைத்தான்.

நீ எந்தக் கோஷ்டின்னு அவர்கிட்ட கேட்டேன். "போட்டா கிளப் இல்ல, போடலைன்னா டீம் இல்ல. நான் எதைச் சொல்ல?"ன்னார்.

70, 74, 76

இங்கே கொஞ்சம் நிதானமா படிங்க. இந்தக் கதையில் எனக்குத் தெரிஞ்சு யாரும் சரியா விளக்காத இடம் இது.

க்வெஸ்ஸுக்கு 70, ஸ்ரீ சிமென்ட்டுக்கு 76. பார்க்க ஆறு சதவீத வித்தியாசம்தான். ஆனா நம்ம கம்பெனிச் சட்டம், 2013, பிரிவு 114 என்ன சொல்லுதுன்னா, ஒரு சிறப்புத் தீர்மானம் நிறைவேற எதிரா விழுற ஓட்டைப் போல மூணு மடங்கு ஆதரவா இருக்கணும். அதாவது நாலில் மூணு பங்கு, 75 சதவீதம். கம்பெனியோட பேரை மாத்த, விதிமுறைகளைத் திருத்த எல்லாம் இந்தச் சிறப்புத் தீர்மானம் வேணும்.

70-30 இருந்தா, 30 வச்சிருக்கிறவர் 'முடியாது'ன்னு சொன்னா பேரை மாத்த முடியாது. 76-24 இருந்தா, 24 வச்சிருக்கிறவர் கூட்டத்துக்கு வந்து டீ குடிச்சுட்டுப் போகலாம். தீர்மானம் அவர் இல்லாமலே நிறைவேறிடும். அதனாலதான் கம்பெனி உலகத்துல 26 சதவீதத்துக்கு அவ்வளவு மரியாதை. ரெண்டே ரெண்டு சதவீதம் கூடுதலா இருந்து 74-26 ஆகியிருந்தா கிளப்போட கையில் ஒரு பூட்டு இருந்திருக்கும்.

அப்போ 24 வச்சிருக்கிறவருக்கு எதுவுமே இல்லையா? இருக்கு. பத்து சதவீதத்துக்கு மேல வச்சிருக்கிறவங்க, சிறுபான்மைப் பங்குதாரரை நசுக்கறாங்கன்னு தேசிய கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். அது நீண்ட வழி. அதைவிட நல்லது, "இந்த இந்த விஷயங்களை எங்க சம்மதம் இல்லாம செய்யக் கூடாது"ன்னு ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கறது. பங்கு குறைவா இருக்கிறவருக்கு ஒப்பந்தத்தோட வரிகள்தான் பலம். அதனாலதான் அந்த இறுதி ஒப்பந்தத்துக்கு அவ்வளவு சண்டை. நிர்வாகிகள் பண்ணினது எல்லாம் சரின்னு நான் சொல்ல வரலை. என் கருத்து, அந்தச் சண்டையை அவங்க 2020 செப்டம்பர் 1-ம் தேதியே போட்டிருக்கணும். முதல்வர் பக்கத்துல நின்னு போட்டோ எடுத்த பிறகு பேரம் பேச என்ன மிச்சம் இருக்கு?

இதில் ரசிகன் எங்கே இருக்கான்னு பாருங்க. கிளப்புக்கு 24 சதவீதம். அந்தக் கிளப்பின் நிர்வாகிகளைத் தேர்ந்தெடுக்கிறது உறுப்பினர்கள். எங்க லைன்ல இருந்த நண்பர் உறுப்பினர்கூட இல்லை. மூணு தலைமுறை அன்பு, ஓட்டு பூஜ்யம். அவருக்கு இருந்த ஒரே ஓட்டு டிக்கெட்டும், ஜெர்சியும், தெருவும்தான்.

கதையோட மீதி சீக்கிரம் முடிஞ்சிடும். ஆகஸ்ட் 25-ல் மறுபடியும் முதல்வர் தலையிட்டு அந்த ஒரு சீசனுக்கு டீம் ஆடினது. கடைசி நேரத்துல சேர்த்த அணி, 20 ஆட்டத்துல ஒரே ஒரு வெற்றி, பட்டியல்ல கடைசி இடம். 2022-ல் ஸ்ரீ சிமென்ட் விலகி விளையாட்டு உரிமையைத் திருப்பிக் கொடுத்துடுச்சு. அந்த இறுதி ஒப்பந்தம் கடைசி வரைக்கும் கையெழுத்தாகலை. அந்த வருஷம் ஆகஸ்ட்ல இமாமி வந்தது.

எதிர் வீட்டுக் கதை

இதைப் படிச்சுட்டு 'காகிதம்தான் எல்லாம், கத்தி பிரயோஜனமில்லை'ன்னு முடிவு பண்ணிடாதீங்க. மோகன் பாகன்ல நடந்தது வேற.

அங்கே கணக்கு இன்னும் மோசம். ஆர்பி-சஞ்சீவ் கோயங்கா குழுமத்துக்கு 80, கிளப்புக்கு 20. அணியோட பேர் ஏடிகே மோகன் பாகன். பச்சை-மெரூன் சட்டையும் பாய்மரப் படகுச் சின்னமும் நிலைச்சது. ஆனா பேருக்கு முன்னாடி மூணு எழுத்து உட்கார்ந்துடுச்சு. ரசிகர்களுக்குப் பொறுக்கலை. 'ஏடிகே-வை எடு'ன்னு ஊர்வலம், பேனர், சமூக வலைத்தளத்துல தினமும் அதே கோஷம். ஒரு வருஷம் இல்லை, மூணு வருஷம். 2023 மார்ச் 18-ம் தேதி கோவாவில் பெங்களூருவை பெனால்டியில் ஜெயிச்சு டீம் கோப்பை வாங்கினது. அந்த ராத்திரியே கோயங்கா அறிவிச்சார்: அடுத்த சீசன்ல இருந்து ஏடிகே கிடையாது, மோகன் பாகன் சூப்பர் ஜயன்ட்.

20 சதவீதத்தால தடுக்க முடியாததை ரசிகர்களோட பிடிவாதம் மாத்திடுச்சு. ஏன்னா அந்த முதலீட்டாளர் வாங்கினது அந்த ரசிகர்களைத்தான். அவங்க முகம் திருப்பிக்கிட்டா 80 சதவீதத்துக்கு என்ன மதிப்பு? ஜெர்மனியிலும் இப்படித்தான். அங்கே '50+1'ன்னு ஒரு விதி. வெளியாள் எவ்வளவு பணம் போட்டாலும் ஓட்டில் பாதிக்கு மேல கிளப் உறுப்பினர்கள் கையில்தான் இருக்கணும். லீகோட ஊடக வருமானத்துல ஒரு பங்கை முதலீட்டாளருக்குக் கொடுக்கிற திட்டம் வந்தப்போ, ரசிகர்கள் ஆட்டத்துக்கு நடுவுல டென்னிஸ் பந்துகளை மைதானத்துல வீசி ஆட்டத்தையே நிறுத்தினாங்க. 2024 பிப்ரவரியில் லீக் அந்தத் திட்டத்தைக் கைவிட்டுடுச்சு. நம்ம பக்கத்து மாநிலத்துல கேரளா பிளாஸ்டர்ஸ் ரசிகர் குழு மஞ்ஞப்படா, 2024 டிசம்பர்ல நிர்வாகத்தைக் கண்டிச்சு டிக்கெட் வாங்க மாட்டோம்னு அறிவிச்சாங்க. மஞ்சள் கடலா இருக்கிற கொச்சி கேலரியை நினைச்சுப் பாருங்க. அதோட காலி நாற்காலியும் ஒரு ஓட்டுதான்.

பங்குச் சந்தையில் இருக்கிறவங்களுக்கு ஒரு சின்ன குறுக்குச் சாலை. மான்செஸ்டர் யுனைடெட் பங்கை நியூயார்க் சந்தையில் யாரும் வாங்கலாம். ஆனா சந்தையில் கிடைக்கிற 'ஏ' பங்குக்கு ஒரு ஓட்டு, 'பி' வகைப் பங்குக்குப் பத்து ஓட்டு. 2005-ல் கிளப்பை வாங்கின கிளேசர் குடும்பம், பெரும்பகுதி கடன் வாங்கித்தான் அதை வாங்கினாங்க. அந்தக் கடனில் நல்லதொரு பங்கைக் கிளப் தலையிலேயே ஏத்தினாங்க. உங்க வீட்டை ஒருத்தர் வாங்கறார், அதுக்கான இஎம்ஐ-யை நீங்களே கட்டணும்னா எப்படி இருக்கும்? 2021 மே 2-ல் ரசிகர்கள் ஓல்டு டிராஃபோர்டு மைதானத்துக்குள்ளேயே புகுந்து லிவர்பூல் ஆட்டத்தைத் தள்ளிவைக்க வச்சாங்க. நம்ம ஊர்லயும் இந்த மாதிரி பங்கு இருந்தது. டாடா மோட்டார்ஸ் டிவிஆர். பத்துப் பங்குக்கு ஒரு ஓட்டு, பதிலுக்குக் கொஞ்சம் கூடுதல் டிவிடெண்ட். 2024-ல் பத்து டிவிஆருக்கு ஏழு சாதாரணப் பங்குன்னு மாத்திட்டாங்க. விலை குறைவா இருக்குன்னு ஒரு பங்கை வாங்கும்போது எதைக் கழிச்சுட்டுக் கொடுக்கறாங்கன்னு பார்க்கணும்.

என்னோட டெர்ம் ஷீட்

இப்போ தம்பியோட கேள்விக்கு வரேன். கேன்டீன்ல அந்த வீடியோவைப் பார்த்த அதே மாசம் என் கையிலும் ஒரு டெர்ம் ஷீட் இருந்தது. எனக்குத்தான் அது தெரியலை.

வேப்பம்பட்டுல ஸ்டேஷன்ல இருந்து நடக்கிற தூரத்துல ஒரு ஃபிளாட். 900 சதுர அடி, 36 லட்சம். "இந்த வாரத்தோட ஆஃபர் முடியுது சார், இன்னும் ரெண்டு யூனிட்தான் இருக்கு." ரெண்டு பக்க புக்கிங் ஃபார்ம்ல கையெழுத்து போட்டு 2 லட்சம் கொடுத்தேன். அதில் விலை இருந்தது, ஃபிளாட் நம்பர் இருந்தது. யூடிஎஸ் எவ்வளவுன்னு இல்லை. வாய்வார்த்தையா "பாதி வரும் சார், 450"ன்னாங்க.

யூடிஎஸ் தெரியாதவங்களுக்கு: ஃபிளாட் வாங்கும்போது கட்டடத்தோட சேர்த்து, அடியில் இருக்கிற மனையில் உங்களுக்கு வர்ற பிரிக்கப்படாத பங்கு. கட்டடம் வயசாக ஆக மதிப்பு குறையும், மண்ணுக்குத்தான் ஏறும். கணக்கு சுலபம். மனை 5 கிரவுண்டு, அதாவது 12,000 சதுர அடி. எல்லா ஃபிளாட்டும் சேர்ந்து 24,000 சதுர அடி. உங்களுது 900. அப்போ 12,000-ஐ 24,000-ஆல் வகுத்து 900-ஆல் பெருக்கினா 450.

அஞ்சு வாரம் கழிச்சு அக்ரிமென்ட் வரைவு வந்தது. நாற்பது பக்கத்துக்கு மேல. யூடிஎஸ் 375. மீதி 75 எங்கேன்னு கேட்டா, "அது ஃப்யூச்சர் டெவலப்மென்ட்டுக்கு சார், எல்லாருக்கும் அப்படித்தான்." சாவி கொடுக்கிற தேதிக்குப் பக்கத்துல அதே ஃபோர்ஸ் மஜூர். ஆனா அதுக்குள்ள ஆள் பற்றாக்குறை, பொருள் தட்டுப்பாடு எல்லாத்தையும் நுழைச்சிருந்தாங்க. நான் வாரக்கணக்கா நடந்தேன், சண்டை போட்டேன், கடைசியில் விலகினேன். ரத்துக் கட்டணம்னு 40,000 பிடிச்சுட்டு மீதியைக் கொடுத்தாங்க. புக்கிங் ஃபார்மோட பின்பக்கத்துல பொடி எழுத்துல அந்த ஷரத்து இருந்தது. அப்போ எனக்கு ஒன்றரை மாசச் சம்பளம் அது.

எனக்கு அன்னிக்குத் தெரியாத ரெண்டு விஷயத்தை இப்போ உங்களுக்குச் சொல்றேன். ஒண்ணு, 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையிலோ எட்டு வீட்டுக்கு மேலயோ கட்டற திட்டம் ரெராவில் பதிவாகணும். பதிவுக்கு விண்ணப்பிக்கும்போதே பில்டர் ஒதுக்கீட்டுக் கடிதம், விற்பனை ஒப்பந்தம் ரெண்டோட மாதிரியையும் கொடுத்தாகணும். அதனால "அக்ரிமென்ட் இன்னும் ரெடியாகலை சார்"ங்கிற பேச்சே செல்லாது. அந்த மாதிரியைக் கேளுங்க. இன்னொண்ணு, எழுதிப் பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாம மொத்த விலையில் 10 சதவீதத்துக்கு மேல வாங்கக் கூடாதுன்னு ரெரா சட்டம் பிரிவு 13 சொல்லுது. 36 லட்சம் ஃபிளாட்டுக்கு 3 லட்சத்து 60 ஆயிரம். அதுக்கு மேல கேட்டா நீங்க தாராளமா முறைக்கலாம்.

படிக்கும்போது நான் முதல்ல தேடறது மூணு இடம். என் பங்கு எவ்வளவுன்னு எண்ணில் எழுதியிருக்கா? நான் விலகினா எவ்வளவு போகும், அவங்க தாமதப்படுத்தினா எனக்கு எவ்வளவு வரும்? ரெண்டும் சமமா இருக்காது, எவ்வளவு கோணல்னு பாருங்க. அப்புறம், எப்போ முடியுது? கடைசிக் கேள்வியைச் சாதாரணமா நினைக்காதீங்க. இந்திய ஃபுட்பால் சம்மேளனம் தன் வணிக உரிமைகளை 2010-ல் 15 வருஷத்துக்குக் கொடுத்த ஒப்பந்தம் 2025 டிசம்பரோட முடியப் போகுதுன்னு எல்லாருக்கும் தெரியும். புதுப்பிப்பு இழுத்துக்கிட்டே போய், அந்த ஆகஸ்ட்ல பெங்களூரு எஃப்சி முதல் அணி வீரர்கள், ஊழியர்களோட சம்பளத்தை நிறுத்தி வச்சது. நம்ம சென்னையின் எஃப்சி-யும் செயல்பாடுகளை நிறுத்தி வச்சது. வீட்டு வாடகை, இஎம்ஐ எல்லாம் அவங்களுக்கும் உண்டு. உங்க வேலை மூணு வருஷ கான்ட்ராக்ட்னா, முடியற தேதிக்கு ஆறு மாசம் முன்னாடியே ஆறு மாசச் செலவு தனியா இருக்கணும்.

அந்த நண்பர் இப்போ ஊருக்குப் போயிட்டார். 2024 ஜனவரி 28 ராத்திரி போன் பண்ணினார். ஈஸ்ட் பெங்கால் ஒடிசாவை 3-2-ன்னு ஜெயிச்சு சூப்பர் கப் வாங்கியிருந்தது, பன்னிரண்டு வருஷத்துல முதல் தேசியக் கோப்பை. பின்னாடி சத்தத்துல அவர் பேசினதுல பாதி எனக்குக் கேட்கலை. ஹில்சா சீசன் இல்லையாம், ஐஸ்ல வச்சதைத்தான் வாங்கினாங்களாம்.

திருநின்றவூர் தம்பி, நாளைக்கே அந்த புக்கிங் ஃபார்மைத் திருப்பிப் பின்பக்கத்தைப் படிங்க. யூடிஎஸ் எண்ணும், ரத்துக் கட்டணமும் என்ன இருக்குன்னு கமென்ட்ல போடுங்க, பில்டர் பேர் வேண்டாம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் ஒரு மாதிரி விற்பனை ஒப்பந்தத்தை ஸ்கிரீன்ல வச்சு வரி வரியா படிக்கப் போறோம். உங்க கணக்கையும் அதில் சேர்த்துக்கறேன்.